எறும்புக்கு எத்தனை கால்?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் என் பகல் பொழுதெல்லாம் போகிறது. ஒருநாள் அவர்களை எறும்பு வரையச் சொன்னேன். பாதி நோட்டுகளுக்கு மேல் எறும்புக்கு நான்கு கால். சிலவற்றில் எட்டு. தினமும் பார்க்கிற எறும்புதான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஊதித் தள்ளுகிற எறும்புதான்.

"தப்பு, ஆறு கால்" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. வராந்தா ஓரத்தில் துளி வெல்லத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளையார் எறும்புகள் சாரை சாரையாக வந்துவிட்டன. பிள்ளைகள் சுற்றிலும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் முதலில் பார்த்தது காலை அல்ல. "டீச்சர், எதிர்ல வர்ற எறும்புகிட்ட நின்னு மீசையால தொட்டுட்டுப் போகுது" என்றாள் ஒருத்தி. அப்புறம்தான் கால். ஓடுகிற எறும்பின் காலை எண்ணுவது லேசான வேலையா? வெல்லத்தைத் தின்ன நிற்கிற எறும்பைப் பிடித்துக்கொண்டால் எண்ணிவிடலாம் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். நான் அந்தச் சாரையின் குறுக்கே விரலால் தரையை அழுத்தித் தேய்த்தேன். அந்த இடம் வந்ததும் எறும்புகள் தடுமாறின, திரும்பின, அங்குமிங்கும் அலைந்தன. ஏன் என்று கேட்டேன். "நீங்க அதுங்க ரோட்டை அழிச்சிட்டீங்க" என்றான் அதே பையன். எறும்பு விட்டுச் செல்லும் வாசனைதான் அந்த ரோடு என்பதை மட்டும் நான் சொன்னேன். மீதி எல்லாம் அவர்களே பார்த்தது. மறுபடி வரைந்தபோது ஆறு கால் வந்தது. அந்த ஆறும் உடம்பின் நடுப்பகுதியிலிருந்தே புறப்பட்டிருந்தன.

பெரியவர்களான நாம் பெயர் சொல்லிக் கொடுப்பதில் ரொம்ப அவசரப்படுகிறோம். "அதோ பார், காக்கா. சரி, வா, நேரமாச்சு." பெயர் கிடைத்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கழுத்தில் சாம்பல் பூசினாற்போல ஒரு காக்கை இருக்கிறது. முழுக்கக் கறுத்து, தடித்த அலகோடு அண்டங்காக்கையும் இருக்கிறது. "இந்தக் காக்காவும் அந்தக் காக்காவும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த ஒரு நிமிட மௌனம்தான் கஷ்டம். எனக்கு அது பழகப் பல வருஷம் ஆனது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் நடந்ததால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய கருவிகளில் ஒரு மரக்கட்டை உண்டு. அதில் 10 குழிகள், அவற்றில் பொருந்தும் 10 உருளைகள். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். தப்பை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் அடுக்குப் பாத்திரங்கள் இருக்கின்றன. மூடிகளைக் கலைத்துப் போட்டு, "எதுக்கு எது?" என்று விட்டுவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சீரகத்தையும் சோம்பையும் ஒரே தட்டில் கலந்து கொடுங்கள். முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்புறம் சோம்பு கொஞ்சம் பருமன், பச்சை சாயல் என்று பிடிபடும். பிறகு கண்ணை மூடச் சொல்லி மூக்கால் பிரிக்கச் சொல்லலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் மட்டும் இந்தச் சின்னப் பொருள்கள் வேண்டாம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும். மற்றவர்களோடும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

பச்சைப்பயறு முளைக்க வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் துணியில் கட்டி வைத்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி டம்ளருக்குள் ஈரப் பஞ்சை வைத்து, பயறு கண்ணாடியை ஒட்டி இருக்கும்படி நான்கைந்தைச் செருகுங்கள். ஒன்றைத் தலைகீழாகவும் செருகுங்கள். முதலில் வருவது வேரா, இலையா? தலைகீழாக வைத்ததன் வேர் எந்தப் பக்கம் போகிறது? தினமும் காலையில் ஒரு படம் வரையட்டும். அழகாக வரைய வேண்டும் என்று சொல்லாதீர்கள், பார்த்ததை வரைந்தால் போதும். வேர் வளைந்து கீழே திரும்புகிற நாளில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து எதையும் கவனிப்பதில்லை என்றால் திட்டாதீர்கள். நோட்டை முகத்தோடு வைத்துப் பார்க்கிறதா, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "கவனமே இல்லை" என்று பெயர் வாங்கிய ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். கண்ணாடி போட்ட மறுநாள் ஜன்னலைவிட்டு நகரவே மாட்டேன் என்றாள். வேப்பமரத்தில் தனித்தனியாக இலை இருக்கிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அதே சிறுமிதான் சில வாரம் கழித்துக் காலையில் ஓடி வந்தாள். "டீச்சர், எங்க வீட்டுப் பல்லி கண்ணை மூடவே மாட்டேங்குது. நாக்கால கண்ணைத் துடைச்சுக்குது" என்றாள். நிஜமாகவா என்று கேட்டேன். "நீங்களே பாருங்க" என்றாள். அன்று ராத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், டியூப் லைட் ஓரத்தில் ஒரு பூச்சியைப் பிடித்து விழுங்கிய பல்லி, நாக்கை நீட்டி இமையில்லாத கண்ணை ஒரு தடவை மெதுவாக நக்கியது. காலையில் பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக அவளைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.