137 வந்தால் மெமரிதான் காரணமா?

வணக்கம். இன்றைக்கு ஐந்து கேள்விகளை எடுத்து வைத்திருந்தேன். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. முதலில் அதையே பார்த்துவிடுவோம். அவர் எழுதியது இது: "அண்ணா, எங்கள் சர்வீஸ் குபர்னெட்டிஸில் மூன்று பாட்களாக ஓடுகிறது. புது வெர்ஷன் போடும்போதெல்லாம் ஒரு நிமிடம் போல 502 வருகிறது. மானிட்டரிங்கில் பழைய பாட் 137 என்ற எண்ணோடு செத்திருக்கிறது. மெமரி லிமிட்டை அரை ஜிபியிலிருந்து 2 ஜிபி ஆக்கியும் நிற்கவில்லை. இன்னும் எவ்வளவு கூட்டட்டும்?" புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: குபர்னெட்டிஸ் என்பது புரோகிராம்களைப் பல மெஷின்களில் ஓடவிட்டு மேய்க்கும் ஏற்பாடு, அதில் ஓடும் ஒவ்வொரு பிரதியும் ஒரு பாட். 502 என்றால், பின்னால் இருக்கும் சர்வீஸிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று கேட்டவருக்குப் போகும் எரர்.

கூட்டவே வேண்டாம், தங்கச்சி. பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள். 137-ஐப் பார்த்ததும் மெமரி ஞாபகம் வருவது எல்லாருக்கும் நடப்பதுதான். அந்த எண்ணை உடைத்துப் பாருங்கள்: 128 கூட்டல் 9. சிக்னலால் செத்த புரோகிராம், 128-ஓடு அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டிக் காட்டும். லினக்ஸில் 9 என்றால் சிக்கில், மறுபேச்சு இல்லாமல் கொல்லும் சிக்னல். மெமரி லிமிட்டைத் தாண்டினாலும் அதே 9 தான் வரும். ஆனால் அப்போது காரணம் என்ற இடத்தில் 'ஓஓஎம் கில்டு', அதாவது மெமரி போதாமல் கொல்லப்பட்டது, என்று எழுதியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெறும் 'எரர்' என்றுதான் இருக்கிறது. அதாவது, கிளம்பு என்று சொல்லியும் கிளம்பாத பாட்டை 30 வினாடி பொறுத்திருந்து குபர்னெட்டிஸே முடித்திருக்கிறது. மெமரி பற்றி இவ்வளவு போதும்.

இப்போது அந்த 502. பழைய நேயர்களுக்கு நான் எங்கே போகப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். லெபோ பாசார் பக்கம் நான் பசியாறப் போகும் கடைக்குத்தான். காலையில் இரும்புக் கதவைத் தூக்கிவிடுவார்கள், விளக்கு எரியும், காற்றாடி சுற்றும். உள்ளே போய் உட்கார்ந்தால், "சோறு இன்னும் ஆகலை, தம்பி, பத்து நிமிஷம்" என்பார் கடைக்காரர். கடைக்கு உயிர் வந்துவிட்டது, வியாபாரத்துக்குத் தயாராகவில்லை. உயிரோடு இருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. குபர்னெட்டிஸ் பாட்டிடம் அடிக்கடி கேட்டுப் பார்க்கும் சோதனைக்குப் புரோப் என்று பெயர். லைவ்னெஸ் புரோப் முதலாவதைக் கேட்கிறது, ரெடினெஸ் புரோப் இரண்டாவதைக் கேட்கிறது.

உங்கள் குபர்னெட்டிஸ் ஃபைலில் ரெடினெஸ் புரோப் இல்லை. அது இல்லாவிட்டால், பாட்டுக்குள் உங்கள் புரோகிராமை வைத்திருக்கும் பெட்டியான கன்டெய்னர் ஓடத் தொடங்கிய நொடியிலேயே "தயார்" என்று குபர்னெட்டிஸ் எடுத்துக்கொள்ளும். கணக்கைப் பாருங்கள். பழைய பாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதாக மாற்றும் ரோலிங் அப்டேட்டில் மேக்ஸ் சர்ஜ் (எத்தனை பாட் கூடுதலாக ஏற்றலாம்), மேக்ஸ் அன்அவெய்லபிள் (எத்தனை பாட் குறையலாம்) இரண்டுக்கும் நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் 25 சதவீதம். மூன்று பாட்டில் 25 சதவீதம் முக்கால். சர்ஜை மேலே ஏற்றி 1 ஆக்குவார்கள், அன்அவெய்லபிளைக் கீழே இறக்கி 0 ஆக்குவார்கள். அப்படியென்றால், புதிது ஒன்று தயாராகும்வரை பழையது ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்பதுதான் அந்தக் கணக்கு. எவ்வளவு அக்கறையான ஏற்பாடு பாருங்கள்! ஆனால் சோறு ஆகிவிட்டதா என்று கேட்க ஆளில்லாததால், வேகாத கடையைக் காட்டி வெந்த கடையை மூடிவிடுகிறது.

சரி, அது திறக்கும் பக்கம். 137 மூடும் பக்கத்துக் கதை. அந்தக் கடையில் இரவு மூடும்போது கதவைப் பாதிக்கு இறக்கிவிடுவார்கள். புதிதாக ஆள் ஏற்றமாட்டார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கையை நக்கி எழுந்திருக்கும்வரை விளக்கை அணைக்கமாட்டார்கள். சிக்டெர்ம், அதாவது கிளம்பு என்று சொல்லும் சிக்னல், அந்தப் பாதிக் கதவு. உங்கள் புரோகிராம் அதைக் கேட்டு, கையில் உள்ள ரிக்வெஸ்ட்டை முடித்துவிட்டுப் போக வேண்டும். உங்களுடையதற்கு அது கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கன்டெய்னரைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில், எதை ஓடவிட வேண்டும் என்று சொல்லும் சிஎம்டி வரியை அடைப்புக்குறி இல்லாமல் சும்மா நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதினால், கட்டளைகளை வாங்கி ஓடவிடும் ஷெல்தான் முதல் புரோசஸ் ஆகிறது. சிக்னல் அதன் வாசலில் நின்றுவிடும். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள், நேராக உங்கள் புரோகிராமுக்கே போகும்.

இன்னொன்று. ரிக்வெஸ்ட்டை எந்தப் பாட்டுக்கு அனுப்பலாம் என்று வைத்திருக்கும் சர்வீஸ் பட்டியலிலிருந்து பாட்டை எடுப்பதும் சிக்டெர்ம் அனுப்புவதும் ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதில்லை, ஒரே நேரத்தில் நடக்கிறது. பட்டியல் எல்லா நோடுக்கும், அதாவது பாட்கள் ஓடும் மெஷின்களுக்கும், போய்ச் சேர்வதற்குள் சில ரிக்வெஸ்ட் மூடின கடைக்கு வந்து நிற்கும். அதற்குத்தான், சிக்டெர்முக்கு முன்னால் ஓடும் ப்ரீஸ்டாப்பில் ஒரு பத்து வினாடி தூங்கச் சொல்வது. அந்தப் பத்தும் 30-க்குள்தான் சேரும், மறக்காதீர்கள். உங்கள் ரிப்போர்ட் 25 வினாடி எடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 30-ஐ 60 ஆக்குங்கள்.

லைவ்னெஸ் புரோப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு பாயன் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே லைவ்னெஸ் புரோப்பை டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தோம், நானும் அதற்குத் தலையாட்டினேன். ஒரு சம்பள நாள் டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானது. புரோப் பதிலுக்குக் காத்திருப்பது ஒரே ஒரு வினாடி. மூன்று தடவை தவறினால் ரீஸ்டார்ட். பன்னிரண்டு பாட்டும் ஒன்றாகச் செத்து ஒன்றாக எழுந்தன. எழுந்ததும் பன்னிரண்டும் சேர்ந்து டேட்டாபேஸ் மேலேயே விழுந்தன, அது இன்னும் மெதுவானது, மறுபடி ரீஸ்டார்ட். மாலை நான்கு மணிவரை அதே வட்டம். எத்தனையோ பேர் சம்பளச் சீட்டைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. மார்க்கெட்டிலிருந்து மீன் வரத் தாமதமானால் கடையை இடித்துக் கட்டுவோமா? லைவ்னெஸ் தன் உயிரை மட்டும் கேட்கட்டும். டேட்டாபேஸ் கேள்வியை ரெடினெஸில் வைப்பதற்கே நான் இரண்டு தடவை யோசிப்பேன், ஏனென்றால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் "தயாரில்லை" என்றால் வாசலில் யாருமே இருக்கமாட்டார்கள்.

"எவ்வளவு மெமரி" என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். "என் சர்வீஸ் எப்படி மூடுகிறது" என்று கேட்டவர் இதுவரை யாருமில்லை. தங்கச்சி, அதை நீங்களே இந்த வாரம் பார்த்துவிடலாம். டெஸ்டுக்கென்று வைத்திருக்கும் கிளஸ்டரில் (மெஷின்களின் கூட்டத்தில்) லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாட்களை ஒரு சுற்று மாற்றும் ரோல்அவுட் ரீஸ்டார்ட் கட்டளையைக் கொடுங்கள். பழைய பாட் என்ன எண்ணோடு போகிறது என்று பாருங்கள். 0 வந்தால் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. 143 வந்தால், அதாவது 128 கூட்டல் 15, சிக்டெர்ம் போய்ச் சேர்ந்துவிட்டது, பெரும்பாலும் கையில் இருந்ததை முடிக்கத்தான் இன்னும் எழுதியிருக்கமாட்டீர்கள். 137 மறுபடி வந்தால் டாக்கர்ஃபைலை அப்படியே எனக்கு அனுப்புங்கள், அடுத்த வாரம் திரையில் போட்டு வரி வரியாகப் பார்ப்போம்.