உப்பு நிலத்தில் செடி எப்படி வாழ்கிறது?

[காட்சி: கழிமுகச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்கள்.]

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதைச் சாதாரணப் பயிருக்கு ஊற்றினால், வேரைச் சுற்றி ஈரம் இருந்தும் பயிர் வாடிவிடும். நீர் இயல்பாக உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கியே நகர்வதால், வேரால் அதை உள்ளே இழுக்க முடிவதில்லை. அந்த நிலத்திலும் தழைப்பவற்றை உவர்நிலத் தாவரங்கள் என்கிறோம்.

[காட்சி: சுரபுன்னையின் தாங்கு வேர்கள்.]

சுரபுன்னை என்னும் கண்டல் மரம், உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிட்டு, நீரை மட்டும் மேலே இழுக்கிறது. அதற்கு எவ்வளவு வலுவான இழுவிசை வேண்டும் என்பதை ஆய்வாளர் ஸ்கொலாண்டரும் அவரது குழுவினரும் 1965இல் அளந்து காட்டினார்கள்: கண்டல் மரங்களின் சாறு, எந்நேரமும் எதிர்மறை 35 முதல் 60 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது தள்ளப்படாமல் இழுக்கப்படும் நிலையில், இருக்கிறது. இலைகளே இழுத்துத் தரும் இந்த விசையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

வெண்கண்டல் உள்ளே வந்த உப்பையும் இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது; வெயிலில் அந்த இலைமேல் உப்புப் படிகங்கள் மின்னுவதைக் காணலாம்.

[காட்சி: உமரிச் செடியின் பருத்த இலை, பின்னர் ஒரு செல்லின் வரைபடம்.]

உமரியின் வழி வேறு. அது உப்பை உள்ளே விட்டு, செல்லின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் அடைத்து வைக்கிறது. இத்தாவரங்களை உப்பைத் தாங்குபவை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அவற்றின் செல்லுக்குள் வேதிவினைகளை நடத்தும் நொதிகளில் பெரும்பாலானவை மற்றச் செடிகளின் நொதிகளைப் போலவே உப்பால் முடங்கக்கூடியவை என்பதால், உப்பைத் தனியே ஒதுக்கி வைக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். பைக்குள் உப்பு மிகும்போது அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசம் என்னும் செல்கூழ் நீரை இழந்துவிடாதிருக்க, நொதிகளுக்குத் தீங்கு செய்யாத புரோலின், கிளைசின் பீட்டெய்ன் போன்ற கரைபொருள்களைச் செடி அங்கே சேர்த்துக்கொள்கிறது. உப்பைப் பைக்குள் தள்ளுவதற்கும் இப்பொருள்களை ஆக்குவதற்கும் ஆற்றல் செலவாகிறது. ஆயினும் மிதமான உப்பில் உமரி, உப்பே இல்லாத மண்ணில் வளர்வதைவிட நன்றாக வளர்கிறது.

[காட்சி: உவர் படிந்த வயலில் வாடிய பயிர்.]

பயிர்களுக்கு இந்தத் திறனைத் தர ஒரே ஒரு மரபணுவை மாற்றினால் போதாது. வேரின் வடிகட்டல், பைக்குள் தள்ளும் புரதங்கள், அவற்றுக்கான ஆற்றல், சைட்டோபிளாசத்தைக் காக்கும் கரைபொருள்கள் ஆகிய அனைத்தும் ஒரே செடியில் ஒருங்கே இயங்கியாக வேண்டும்.