கொழுந்துக்கு நடுவே பச்சை விரியன்

வணக்கம் நேயர்களே. பாம்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஒரே ஒரு பாம்பைப் பற்றித்தான் பேச ஆசை. பச்சை விரியன். நம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. சிங்களத்தில் 'பலா பொலங்கா' என்பார்கள். பலா என்றதும் பலாமரத்தை நினைக்க வேண்டாம். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குக் கீரை என்று பொருள். அதே கீரைப் பச்சைதான். பலவற்றுக்கு அதன்மேல் கறுப்பாகக் கோலம் இழுத்ததுபோல இருக்கும்.

நான் இரத்தினபுரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையன்று, பெரியம்மா கொழுந்து பறிக்கும் செடி வரிசையில், அதாவது நிரையில், அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கும் கையின் வேகம் உங்களுக்குத் தெரியும். கண் போகுமுன் விரல் போய்விடும். அந்தக் கை சட்டென்று அப்படியே நின்றது. "தம்பி, அசையாத. அந்தா பாரு."

பார்த்தேன். செடி, இலை, மழை ஈரம். வேறொன்றும் தெரியவில்லை. "கறுப்பா ஒரு கோடு தெரியுதா? அதுக்கு முன்னால கண்ணு." கோட்டைக் கண்டுபிடித்தேன், அப்புறம்தான் கண், முக்கோணத் தலை, கிளையில் சுருண்ட உடம்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெரியம்மாவின் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருந்தது! பக்கத்து நிரையிலிருந்து ஒருவர் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்தார். பெரியம்மா விடவில்லை. "அது பாட்டுக்குத் தூங்குது. இந்தச் செடிய விட்டுட்டுப் போவோம்." மறுநாளும் போய்ப் பார்த்தேன். அதே கிளையில் இருந்தது.

தூங்குது என்றாரே, அது சரிதான். இரவில்தான் இரை பிடிக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி உண்டு; எலியின் உடல் சூட்டை அந்தக் குழியால் கும்மிருட்டிலும் உணர்ந்துகொள்ளும். தவளை, பல்லி, குருவியும் தின்னும். பகலில் வாலால் கிளையைப் பற்றியபடி கிடக்கும். துரத்தி வந்து கடிக்காது. மறுபடியும் சொல்கிறேன், துரத்தி வராது. தெரியாமல் கை பட்டால்தான் கடிக்கும். அதனால்தான் கொழுந்து பறிப்பவர்கள் அதிகமாகக் கடிபடுகிறார்கள். அடர்ந்த செடியில் கை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கடிபட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலி கடுமையாக இருக்கும், கை வீங்கும், கொப்புளம் வரலாம். உயிர் போவது மிக அரிது. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்குச் செய்தது. பச்சை விரியன் விஷத்துக்கு அது பயன்படாது. ஆகவே என்ன பாம்பு கடித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அடித்துக் கொண்டுபோக வேண்டாம், தூர நின்று எடுத்த ஒரு படம் போதும். இது முட்டையிடாமல் குட்டி போடுகிற பாம்பு. அதைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய வைத்திருந்தேன். இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.