இடக்கைக்கு ஒரு கிளவுஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பாலே இல்லாத ஒரு நாட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு அரசு விளையாட்டு அதிகாரியால் என்ன செய்ய முடியும்? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தவன் நான். உடனே ஞாபகத்துக்கு வருவது ஒரு கிளவுஸ் பெட்டி.

பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகள் பாய்ந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் கையில் மாட்டிப் பார்ப்பதும் கழற்றுவதுமாக நின்றாள். இடக்கைக்காரி. எறிகிற கை வெறுங்கையாக இருக்க வேண்டும், மற்றக் கையில்தான் கிளவுஸ். வந்தவை எல்லாமே இடது கையில் மாட்டுபவை. அவள் அதையே மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தாள், கிளவுஸை உருவி அக்குளில் இடுக்கினாள், பந்தை இடது கைக்கு மாற்றி எறிந்தாள். அதற்குள் அடித்துவிட்டு ஓடியவன் இரண்டு பேஸைக் கடந்துவிட்டான். ஓடுகிறவன் வரிசையாகத் தொட வேண்டிய முனைகள்தான் பேஸ். அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டது நான்தான். தொடக்க விழாவுக்கு யார் யாரை மேடையில் உட்காரவைப்பது என்று யோசித்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

பிள்ளைகள் கிரிக்கெட் பழகியவர்கள். அது உதவி, உபத்திரவமும்கூட. பந்தைப் பிடிப்பதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் அடித்துவிட்டு மட்டையோடு ஓடுவார்கள். போட்டுவிட்டு ஓடு என்று கத்தித் தொண்டை கட்டும். ஒரு பையன் அழகாக மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். கிரிக்கெட்டில் நாலு ரன். இங்கே ஃபவுல், அதாவது செல்லாத அடி. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும், அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட் ஆடுகளத்தின் 66 அடியைவிடக் குறைவு. பந்து தரையில் படாமல் நேராக வரும். பயப்படாமல் என்ன செய்வான்?

புது ஆட்டத்தை ஒரு நாட்டில் நிலைக்கவைக்கும் விஷயத்தில் ஜப்பான்காரர்களைத்தான் பார்க்க வேண்டும். 1872 வாக்கில் டோக்கியோவில் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தன் மாணவர்களுக்கு பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தார். அதைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோனவர்களில் ஹிரஓகா ஹிரோஷி முக்கியமானவர். விளையாட்டுத் துறைக்காரர் அல்ல, ரயில்வே பொறியாளர். அமெரிக்காவில் படித்துத் திரும்பி அரசு ரயில்வேயில் சேர்ந்தவர், 1878இல் டோக்கியோவின் ஷிம்பாஷியில் ஒரு குழுவைத் தொடங்கினார். தினமும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஆடுகிற குழு கலையாது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நாங்கள் ஊர் ஊராக ஒரு நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சொற்களையும் அவர்கள் விடவில்லை. 1894இல் சூமா கனாயே என்ற ஆட்டக்காரர் பேஸ்பாலுக்கு ‘யாக்யூ’ என்று பெயர் வைத்தார். வெளிப்பந்து என்று சொல்லலாம். ஹைக்கூ கவிஞர் மசாஓகா ஷிகி, அடிப்பவர், ஓடுபவர் போன்றவற்றுக்கெல்லாம் ஜப்பானியச் சொல் கண்டார். அவரும் ஆடியவர், அதனால் அந்தச் சொற்கள் நின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்து நான் தயாரித்த சொற்பட்டியலை ஒரு பிள்ளைகூட மைதானத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கு பிட்சர் பிட்சர்தான்.

அடுத்தது பந்து. தக்கையும் ரப்பரும் நடுவில், மேலே நூல் சுற்று, அதன்மேல் தோல். எடை 142 முதல் 149 கிராம். நெஞ்சில் பட்டால் தெரியும். சிறுவர்களுக்கென்று ரப்பர் பந்து செய்ததும் ஜப்பான்காரர்கள்தான், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கியோட்டோவில். இப்போது சர்வதேச சம்மேளனமே பேஸ்பால்5 என்று ஒன்றை நடத்துகிறது. ஒரு பக்கம் ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ், மட்டையும் இல்லை கிளவுஸும் இல்லை. ரப்பர் பந்தைக் கையால் அடித்துவிட்டு ஓட வேண்டியதுதான். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் அந்தப் பெட்டியையே வாங்கியிருக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1992 முதல் 2008 வரை பேஸ்பால் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். டோக்கியோவில் திரும்ப வந்தது, பாரிஸில் இல்லை, 2028இல் லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி வருகிறது. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு நிதி கேட்டுக் கோப்பு அனுப்பினால் அது எந்த மேசையில் தூங்கும் என்று அரசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆர்டரில், வலது கையில் மாட்டும் கிளவுஸ் நாலு என்று தனி வரி எழுதினேன். வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. ஒன்றை எடுத்து அந்தச் சிறுமியிடம் கொடுத்து முதல் பேஸில் நிறுத்தினேன். அங்கே இடக்கைக்காரருக்குத்தான் வசதி. கிளவுஸ் மாட்டிய கை ஆடுகளத்தின் பக்கம் இருக்கும். முதல் பந்தைப் பிடித்ததும், பழக்கதோஷம், கிளவுஸை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.