மிகிந்தலையில் ஒரு சம்பளப் பட்டியல்

வணக்கம், நேயர்களே.

நான் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. தேசிய அரும்பொருளகத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும்போதெல்லாம் சிங்கப்பூர்க் கல்லின் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன். நம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதன் முகமெல்லாம் எழுத்து, ஐம்பது வரிகள் போல. 1843ல் கட்டட வேலைக்கு இடம் வேண்டுமென்று அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டுதான் நாம் பார்ப்பது. "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை" என்பேன். வருஷக்கணக்காக இதே பதிலைச் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும்.

அந்தக் குறையோடுதான் நான் இலங்கைக்குப் போனேன். அநுராதபுரத்து இடிபாடுகளையும் அதற்குக் கிழக்கே இருக்கும் மிகிந்தலை மலை மடத்தையும் ஒரே நாளில் பார்த்துவந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

குடும்பமும் நண்பர்களுமாக நாங்கள் பதினொரு பேர். எழுபத்திரண்டு வயதான என் பெரியம்மாவும் வந்திருந்தார். கொழும்பிலிருந்து அநுராதபுரம் 200 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதனால் முதல் நாளே போய்த் தங்கிவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கொழும்பிலிருந்து காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி நாள் வேனிலேயே போய்விடும்.

எங்கள் வழிகாட்டி சிங்களவர், திருகோணமலையில் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். "வெயில் ஏறினா கல் சுடும், அக்கா. செருப்பைக் கழற்றிட்டு நடக்கணும்" என்றார். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், கைப்பையில் ஒரு ஜோடி தடித்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. பயணக் குறிப்பு இவ்வளவு போதும்.

அநுராதபுரம் ஏறத்தாழ கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைநகராக இருந்த ஊர். முதலில் ஸ்ரீ மகாபோதி. புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தின் கிளையை அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்து கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நட்டதாக வரலாறு. தங்க வேலிக்குள் தாங்குகோல்களின் மேல் சாய்ந்து நிற்கிறது. வெள்ளை உடுத்திய பாட்டிமார்கள் கையில் தாமரையோடு முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஜேதவன தூபி, புத்த சமயத்தாரின் குவிந்த வழிபாட்டுக் கட்டடம். மகாசேன மன்னர் 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. கட்டி முடித்தபோது உயரம் 122 மீட்டர். நம் வீவக அடுக்குமாடிக் கணக்கில் நாற்பது மாடி புளோக் ஒன்று, அத்தனையும் செங்கல், உள்ளே ஆள் போய் நிற்கக் கூடமோ அறையோ கிடையாது. எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்தபடி அன்றைய உலகத்தில் இதுதான் உயரம். 9 கோடிக்கு மேல் செங்கல் போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று 71 மீட்டர்தான் நிற்கிறது, அதற்கே கழுத்து வலிக்கிறது.

ஆனால் வழிகாட்டியாக இத்தனை வருஷம் இருந்ததில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. பெரியது எதுவும் மனிதரைக் காட்டாது. எந்த இடிபாட்டுக்குப் போனாலும் அங்கே எங்கே சமைத்தார்கள், எங்கே குளித்தார்கள், யாருக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று நான் தேடுவேன். அரசரின் பெயரைப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அடுப்படியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் அபயகிரிப் பகுதிக்குப் போனதும், தமிழ்க் கல்வெட்டு மேடை ஒன்று இருக்கிறதாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொதுவாக யாரும் கேட்பதில்லையாம். தமிழ் இல்லறத்தார்கள் சேர்ந்து கூடுவதற்காக அமைத்த மேடை அது. எழுத்து பிராமி, மொழி பிராகிருதம், காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். 'தமேட' என்ற சொல் அதில் இருக்கிறது. தமிழர் என்று பொருள். யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று பாறையிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் நாவிகர், அதாவது கப்பல் ஓட்டி. கடல் தாண்டிப் பிழைக்க வந்த நம் ஆட்கள் அந்த ஊரின் நடுவில் தங்களுக்கென்று ஒரு கூடுமிடம் வைத்திருந்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிற்கும் கூட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கிருந்து வேனுக்குத் திரும்பும்போது அவர் நடையைக் குறைத்தார். "அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கு" என்றார். 993ல் ராஜராஜனின் படை இந்த நகரத்தை அழித்ததையும், 1017ல் ராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்த மன்னரைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனதையும், தூபிகளுக்குள் தாதுக்கள், அதாவது புனித எச்சங்கள், வைத்து மூடிய அறைகளை உடைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு போனதாக இலங்கை வரலாற்று நூல் சொல்வதையும் சொன்னார். குரல் உயரவில்லை. நாங்கள் தமிழர்கள் என்பதற்காக எதையும் குறைக்கவும் இல்லை. ராஜேந்திரன் கடல் கடந்து போனதைப் பெருமையாகப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் படை போன இடத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று அங்கே நின்று கேட்பது வேறு. யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும் "கோயிலை இடிக்கலாமா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிகிந்தலை. பதின்மூன்று கிலோமீட்டர்தான். அசோகரின் மகன் மகிந்த தேரர், மான் வேட்டைக்கு வந்த தேவநம்பிய தீசன் என்ற மன்னரைச் சந்தித்தது இந்த மலையில்தான் என்பது நம்பிக்கை. ஜூன் மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் பொசன் நாளில் இங்கே தேர்க்கூட்டம் போல் கூட்டம் சேரும். அடிவாரத்திலிருந்து 1840 கருங்கல் படிகள். இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். நம் வீவக புளோக்குகளின் கீழே வெள்ளைப் பூவை உதிர்த்துக்கொண்டு நிற்குமே, அதே மரம்தான். ஃபிராஞ்சிபாணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் அதற்கு இந்தத் தீவின் பெயரே இருக்கிறது.

முழுப் படியையும் ஏற முடியாதவர்கள் பாதி உயரம் வரை வண்டியில் போகலாம். பெரியம்மாவோடு நானும் அப்படித்தான் போனேன். அங்கே இறங்கினால் முதலில் வருவது பிக்குகளின் சாப்பாட்டுக்கூடம். நான் தேடிய அடுப்படி.

கூரை போய்விட்டது. தூண்களின் அடிப்பகுதியும் திறந்த முற்றமும் இருக்கின்றன. ஓரத்தில் ஒரே கல்லில் குடைந்த நீண்ட தொட்டி. சிங்களத்தில் அதன் பெயருக்குச் சோற்று ஓடம் என்று பொருள். பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று, அது கஞ்சிக்கு. ஊர் மக்கள் கொண்டுவந்த சோற்றை இதில் கொட்டுவார்களாம், பிக்குகள் வரிசையில் வந்து வாங்கிக்கொள்வார்களாம். கோயில் அன்னதானச் சமையலில் முப்பது வருஷம் நின்றவர் என் பெரியம்மா. தொட்டியின் விளிம்பில் கையை வைத்து நீளத்தை அளப்பது போல் நடந்தார். "சோறு சரி. கழுவின தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் முற்றத்துக் கல்லில் வெட்டியிருந்த வாய்க்காலைக் காட்டினார். பெரியம்மா குனிந்து அது போகும் வழியைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்றார். அந்த மடத்துச் சமையலறைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பக்கத்தில்தான் அந்த இரண்டு கற்பலகைகள் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கும் மேல். 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னர் வெட்டிவைத்தவை. இந்த மடம் எப்படி நடக்க வேண்டும் என்பது முழுக்க அதில் இருக்கிறது. பிக்குகள் விடியலில் எழுந்து பல் துலக்கி, ஓதி முடித்துக் கஞ்சிக்கு வர வேண்டும். உடம்பு முடியாமல் வர இயலாதவருக்கு மருத்துவர் சொல்லும் உணவைக் கொடுக்க வேண்டும். அப்புறம் வேலையாட்கள். மருத்துவர், சமையற்காரர், தச்சர், குயவர், கூரை வேய்கிறவர், பூக் கொண்டுவருகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு நெல் என்று எழுதியிருக்கிறது. வரவு செலவைப் பதிவேட்டில் எழுதி, வருஷ முடிவில் பிக்குகளின் சங்கத்தின் நடுவே படிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

நான் அந்தக் கல்லின் முன்னால் வெகு நேரம் நின்றேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல். கூரை வேய்ந்தவரின் கூலியைக் கல்லில் வெட்டிவைக்க ஒரு ராஜாவுக்குத் தோன்றியிருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல இன்று ஆள் இருக்கிறார்கள். நம் ஆற்றங்கரைப் பாறையிலும் இப்படி ஏதாவது இருந்திருக்குமோ என்று நினைத்தேன். தொண்டை அடைத்தது.

பெரியம்மாவை அங்கே நிழலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மேலே ஏறினோம். மகிந்த தேரரும் மன்னரும் சந்தித்த இடத்தில் இருக்கும் தூபிக்கு அம்பஸ்தலம் என்று பெயர். தேரர் மன்னரின் அறிவைச் சோதித்தாராம். இது என்ன மரம்? மாமரம். வேறு மாமரம் உண்டா? உண்டு. மா அல்லாத மரங்கள்? அவையும் உண்டு. அந்த மாமரங்களையும் மற்ற மரங்களையும் தவிர வேறு மரம்? இந்த மாமரம் இருக்கிறதே என்றாராம் மன்னர். எங்கள் கூட்டத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும்தான் அந்தப் பதிலைச் சொன்னான்.

இன்னும் மேலே ஆராதனைக் கல் என்ற பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும், காற்று ஆளைத் தள்ளுகிறது. உச்சியில் நின்றால் காட்டுக்கு நடுவே அநுராதபுரத்துத் தூபிகள் தெரிகின்றன. அங்கேதான் எல்லாளன் கதையைச் சொன்னார் வழிகாட்டி. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட மன்னன். கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனுக்கு அதே தேர்க்காலால் தண்டனை கொடுத்த கதை இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்திலும் இருக்கிறது. மகன் திசா வாவிக்குப் போகும் வழியில் அது நடந்ததாக இருக்கிறது. காலையில் அந்த ஏரிக்கரையில்தான் நாங்கள் தேநீர் குடித்தோம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது அடுத்தது.

எல்லாளன் ஒரு தடவை பிக்குகளை அழைப்பதற்காக இந்த மிகிந்தலை மலைக்கே வந்தானாம். அவன் தேரின் நுகத்தடி இடித்துத் தூபியில் பதினைந்து கற்கள் பெயர்ந்துவிட்டன. தெரியாமல் நடந்ததுதான். ஆனாலும் அவன் இறங்கி வழியில் விழுந்து, என் தலையையும் தேர்க்காலால் அறுத்துவிடுங்கள் என்றானாம். எங்கள் குரு பிறரைத் துன்புறுத்த ஒப்பமாட்டார், தூபியைச் சரிசெய்து கொடுங்கள் என்றார்கள் அமைச்சர்கள். பதினைந்து கல்லுக்குப் பதினைந்தாயிரம் காசு செலவழித்துக் கட்டிக்கொடுத்தான். அவன் புத்த சமயத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு அவனுக்குச் சமாதி கட்டி, அந்த வழியாகப் போகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டான். இவ்வளவையும் எழுதிவைத்தவர்கள் சிங்கள பௌத்தப் பிக்குகள்.

இறங்கும்போது அவரிடம் தொழில்முறையில் ஒன்று கேட்டேன். தமிழர் குழுவிடம் சோழர் செய்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்காதா என்று. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "கீழே அதை விட்டுட்டா, மேலே எல்லாளன் கதையை எந்த முகத்தோட சொல்றது, அக்கா?" என்றார்.

சாப்பாட்டுக்கூடத்தில் பெரியம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். மடியில் உதிர்ந்த ஈழத்தலரிப் பூக்கள். நேரம் போகாமல் அவற்றைக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். கட்டி முடித்த சரத்தைக் கற்பலகையின் காலடியில் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வையுங்கள் என்றார் வழிகாட்டி. பூக் கொண்டுவந்தவருக்கு இவ்வளவு நெல் என்று எழுதிய கல்லின் அடியில் பெரியம்மா அதை வைத்தார். பிறகு நாங்கள் வண்டிக்கு நடந்தோம்.