பாட்டும் பருத்திச் சேலையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று துணிக்கடை, மற்றொன்று பாடகர் குழுவின் பயிற்சி நடக்கும் ஆலய மண்டபம். இந்த இரண்டு கூட்டத்திலும் பல ஆண்டுகளாக நின்று வருகிறவள் என்ற ஒரே தகுதியை வைத்துத்தான் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். பாட்டும் நல்ல உடையும் பக்திக்கு வெளியே தொங்கும் அலங்காரங்கள் என்று கருதுகிறவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. அவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. அவை பக்திக்கு உள்ளேயே இருக்கிற சந்தோஷங்கள், அதிலும் ஏழை எளியவருக்குக் கட்டுப்படியாகிற சந்தோஷங்கள் என்பது என் கட்சி.

முதலில் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் ஞாயிறுதோறும் இரண்டு வகைப் பாடல்கள் பாடப்படுவதை, ஆலயத்துக்கு வராத நேயர்களும் தெருவில் போகும்போது கேட்டிருப்பீர்கள். பாமாலை என்பவை மேல்நாட்டு மெட்டில் அமைந்தவை, பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். கீர்த்தனை என்பவை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் முறைப்படி அமைந்தவை. இன்ன ராகம், இன்ன தாளம் என்று ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் புத்தகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தலைப்பை வாசிக்கத் தெரியாத, பனையோலை முடைந்து பிழைக்கிற பாட்டி ஒருவர், தொடையில் தாளம் தட்டிக்கொண்டே, செஞ்சுருட்டியையும் ஆனந்தபைரவியையும் பெயர் தெரியாமலேயே பிசகின்றிப் பாடுவதை நான் எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். எந்தச் சபாவுக்கும் அவர் நுழைவுச்சீட்டு வாங்கியதில்லை. எந்த ஆசிரியருக்கும் தட்சிணை வைத்ததில்லை. பாடுவதற்குப் பணம் வேண்டாம் என்று நான் அடிக்கடி சொல்லுவது இதை வைத்துத்தான்.

இந்தக் கீர்த்தனைகளுக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறு வயதிலேயே ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குச் சென்று, பின்னாளில் தஞ்சை அரசரான இரண்டாம் சரபோஜியோடு சேர்ந்து கல்வி கற்றவர் அவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர். அவரும் கிறிஸ்தவர், அவரும் கீர்த்தனைகள் எழுதியவர் என்பதால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது, ஆகவே இதைச் சொல்லி வைக்கிறேன். சாஸ்திரியார் செய்த பெரிய காரியம், ஊர் மக்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த வடிவங்களைக் கூச்சமின்றி எடுத்துக்கொண்டதுதான். குறத்தி வந்து குறி சொல்லுகிற குறவஞ்சி நாடகத்தை எடுத்து, அதில் பெத்லகேமைக் கொண்டுவந்து வைத்தார். கேட்டவர்களுக்குச் செய்தி புதிது. மெட்டும் ஆட்டமும் பழையவை. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கையடக்கமான ஒரு பாட்டுப் புத்தகம் தலைமுறைகளைத் தாண்டி ஒரு வீட்டில் இருக்கும் வழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

நம் காலத்துக்கு இன்னும் நெருங்கியவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்து, தஞ்சாவூரில் சித்த மருத்துவம் செய்து ஈட்டிய பொருளை, 1912 முதல் அங்கே கூட்டிய சங்கீத மாநாடுகளிலும், 1917-இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலிலும் தாராளமாகச் செலவிட்டவர். பாட்டுக்குப் பணம் வேண்டாம் என்ற என் வாதத்துக்கு அவர் ஒருவர்தான் விதிவிலக்கு.

ஆர்மோனியத்தைப் பற்றி இந்த ஒலிபெருக்கியின் முன் பேசுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஏனென்றால் இதே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்து, 1971-இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தியது. விலக்கியவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் வரும், அடுத்த கட்டையை அழுத்தினால் அடுத்த சுரம் வரும். இரண்டுக்கும் இடையே குரல் வழுக்கிச் சென்று அசைகிற அந்தக் கமகம் அதில் வராது. இன்று ஆர்மோனியத்தின் இடத்தில் கீபோர்டு வந்து அமர்ந்திருக்கிறது. குறையும் கூடவே வந்து அமர்ந்திருக்கிறது. சகானா ராகத்தில் அமைந்த ஒரு பாட்டைக் கீபோர்டோடு பாடப் பழகிய பிள்ளைகள், படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு சுரமாக இறங்குகிறார்கள். இருந்தாலும் நான் ஆர்மோனியத்தின் பக்கம்தான். கிராமத்து ஆலயத்தில் அது செய்கிற முதல் வேலை சுருதி கொடுப்பது. அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நேயர்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். முன் வரிசையில் ஓர் ஐயா உற்சாக மிகுதியால் பல்லவியை எட்டாத உயரத்தில் எடுத்துவிடுவார். பல்லவி வரையில் எல்லாரும் சமாளிப்பார்கள். அனுபல்லவியில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். சரணம் மேலே ஏறுகிற இடத்தில் அவர் மட்டும் தனியாக இருப்பார், அவருக்கும் குரல் உடைந்துவிடும். ஆகவே வீட்டில் குடும்ப ஜெபத்தில் பாடுகிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: சரணத்தின் மிக உயர்ந்த இடத்தை முதலில் மெல்லப் பாடிப் பாருங்கள், அது சுகமாக வந்தால் அதற்கேற்பப் பல்லவியைத் தொடங்குங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இனி உடை. எங்கள் மண்ணில் உடையைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்தில், நாடார் பெண்களும் அவர்களைப் போலவே ஒடுக்கப்பட்ட வேறு சாதிப் பெண்களும் தோளையும் மார்பையும் துணியால் மூடுவதற்கு உரிமையற்றவர்களாக இருந்தார்கள். கிறிஸ்தவம் தழுவியவர்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை அனுமதிக்கப்பட்டது. பெண்களோ உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் அணிந்தார்கள். அதற்காகச் சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய துணி கிழித்தெறியப்பட்டது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. இந்தத் தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு நடந்து, 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளிவந்த அரச அறிவிப்பில்தான் ஓரளவுக்கு முடிந்தது. அந்த அறிவிப்பிலும் ஒரு நிபந்தனை இருந்தது: மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது. எந்தப் பாணியில் சேலை உடுத்தலாம் என்பதை ஓர் அரசு ஆணை போட்டு நிர்ணயித்த ஊர் இது, நேயர்களே. அதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப் பின்னல், அதாவது லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமை நிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. ஆகவே ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன் நின்று முந்தானை மடிப்பைச் சரிசெய்யும்போது, அது வீண் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வேத வசனத்தைக் காட்டி மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பெண்கள் பொன்னினாலும் முத்துக்களினாலும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தினாலும் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்று பவுல் எழுதியிருப்பது உண்மைதான். அதைக் கருதியே நகை அணியாத சபையாரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் வசனத்தை நிதானமாக வாசியுங்கள். குறை சொல்லப்பட்டது விலையேறப்பெற்ற வஸ்திரம். விலை குறைந்த, அழகான வஸ்திரத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான பெண்ணோ தானே நெய்து, தானே விற்று, நன்றாகவும் உடுத்துகிறாள். இந்த விளக்கத்தைக் கேட்ட எங்கள் போதகர் சிரித்தாரே தவிர, மறுக்கவில்லை.

விலை குறைவு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். கிறிஸ்து பிறப்புப் பாடல் ஆராதனைக்குப் பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சேலை உடுத்துவது எங்கள் வழக்கம். ஒரு வருடம், சேலை ஒன்று 400 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனோம். குழுவில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும் இருக்கிறாள், வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணும் இருக்கிறாள், இருவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் இந்த வரம்பு. இலைப்பச்சை உடல், அரக்குக் கரை, பருத்திச் சேலை ஒன்று எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கடைக்காரத் தம்பி எடுத்து அடுக்க அடுக்க, பாதிக்குமேல் வந்தவை கொஞ்சம் மங்கிய பச்சையாக இருந்தன. “டீச்சர், இது அடுத்த பாவு. சாயம் ஒரு பொட்டு மாறத்தான் செய்யும்” என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். கைத்தறியில் ஒரு பாவில் ஓட்டிய சேலைகள் ஒரே நிறத்தில் இருக்கும். அடுத்த பாவுக்கு மறுபடியும் சாயம் தோய்க்கும்போது அச்சாக அதே நிறம் அமைவது அபூர்வம். வேறு சேலை பார்க்கலாம் என்று சிலர். கூடுதல் விலையில் மில் சேலை எடுக்கலாம் என்று சிலர். வாசலில் ஆட்டோ காத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில், மேல்குரல் பாடுகிறவர்களுக்கு அடர்ந்த பச்சை, கீழ்க்குரல் பாடுகிறவர்களுக்கு மங்கிய பச்சை என்று பிரித்துவிட்டோம். ஆராதனை அன்று விளக்கொளியில் இரண்டு வரிசையும் இரண்டு பச்சையாக நின்றபோது, அது நாங்கள் திட்டமிட்டுச் செய்த அழகு என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் பக்கத்து ஊர்ச் சபையில், ஒரே நீலத்தில் கிடைத்த சேலைகளை விட்டுவிட்டு, தேடிப் பிடித்து இரண்டு நீலத்தில் எடுத்தார்களாம்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆண்களின் உடையைப் பற்றியும், பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தைப்பதைப் பற்றியும், பழைய பட்டுச் சேலையிலிருந்து பாவாடை வெட்டுவதைப் பற்றியும் குறிப்பு எழுதி வந்திருந்தேன்; அவற்றுக்கு இனி இடமில்லை. பயன்படக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் துணியை டிசம்பரில் எடுக்காதீர்கள், ஆடித் தள்ளுபடியில் எடுங்கள். அப்போது தையல்காரரும் ஓய்வாக இருப்பார், ரவிக்கைக்கு இரண்டு முறை அளவு பார்க்கவும் பொறுமை இருக்கும். ஆடியைத் தவறவிட்டவர்கள், கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியைப் பாருங்கள். சாயத் துணியை முதல் முறை கல்லுப்பு கரைத்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பாடகர் குழுவில் இருப்பவர்கள் கஞ்சி அதிகம் போட வேண்டாம். எழுந்து நிற்கும்போது எழும் மொடமொட சத்தம், மெதுவாகத் தொடங்க வேண்டிய பாட்டைக் கெடுத்துவிடும்.

கிறிஸ்து பிறப்பு நாள் வாழ்த்துகள். வணக்கம்.