முதலில் பிரேக், கடைசியில் டயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஜீப் ஒன்றை வாங்கியவுடன் நம் ஆட்களில் பலர் முதலில் போகிற இடம் டயர் கடை. பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் கனமான இரும்பு பம்பர், மேலே வரிசையாக விளக்கு. வண்டி பார்க்க மிரட்டலாக வந்துவிடும். இறக்கத்தில் நிற்குமா, வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்குமா என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும். பழைய ஜீப்பில் எதை முதலில் தொட வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்வது நம் மலைகளில் ஓடுகிற வில்லிஸ், மஹிந்திரா ஜீப்புகளை. போடி, கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஏறுகிற வண்டிகள். இவை ஓடினால்தான் பல வீடுகளில் அன்றைய கூலி.

இந்த வண்டிகளுக்கு நீண்ட வம்சம் உண்டு. 1941ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்ற மாடலைக் கட்டத் தொடங்கியது. அதே வடிவத்தை ஃபோர்டும் கட்டியது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல். நம் நாட்டில் 1945ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று ஒரு நிறுவனம் தொடங்கி, 1947ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பெயரில் இருந்த குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவே ஆனார். நிறுவனம் 1948ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. நாம் அதிகம் பார்க்கிற உயரமான பானெட், 1953ல் வந்த சி.ஜே. 3பி மாடலுடையது. இன்டேக் வால்வுகள் மேலே அமைந்த புது எஞ்சின் பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை, அதனால் பானெட்டை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் அது 1968ல் நின்றுபோனது. இங்கே அந்த உடலமைப்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இத்தனை காலம் இவை தாக்குப்பிடிக்கக் காரணம் எளிமை. ஏணி மாதிரி சேசிஸ் என்கிற ஒரு அடிச்சட்டம், அதன் கீழே பட்டை ஸ்பிரிங், மேலே தட்டையான தகடு. ஒரு லேத்தும் வெல்டிங் மிஷினும் உள்ள எந்தப் பட்டறையிலும் இதைச் சரிசெய்யலாம். அதே எளிமையால்தான் யாரும் எதை வேண்டுமானாலும் இதில் மாட்டிவிட முடிகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சேசிஸிலிருந்து தொடங்குவோம். மலைச் சேறு அதன் உள்பக்கம் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட்டுகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், இந்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் பெயின்டும் துருவும்தான் மிச்சம். அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு வைக்க வேண்டும். துருவின் மேலேயே ஒட்டுப் போடுவது வேலையே இல்லை.

அடுத்தது பிரேக். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மலையில் உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து பிரேக் ஆயில் போக ஒரே லைன். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஆகவே நான் முதலில் சொல்லும் மாற்றம் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலை இரண்டு தனி லைன்களில் தள்ளும் சிலிண்டர்: முன் சக்கரங்களுக்கு ஒரு லைன், பின் சக்கரங்களுக்கு ஒரு லைன். ஒன்று போனாலும் மற்றது வண்டியைப் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இப்படி ஒரு மாற்றம் செய்திருப்பதே தெரியாது. ஆனாலும் இதைவிட மதிப்புள்ள மாற்றம் இந்த வண்டியில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வெற்றிடத்தின் உதவியால் பெடலை இலகுவாக்கும் பூஸ்டர் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்றை உறிஞ்சும்போதே வெற்றிடம் கிடைக்கும். பூஸ்டருக்கு அது போதும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். நம் டீசல் வண்டிகளில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் அது இருக்கும். அந்த பம்ப் தேய்ந்தாலோ, ஹோஸ் வெடித்திருந்தாலோ, பெடல் கல்லாகிவிடும். எஞ்சின் அணைந்தாலும் அதே கதைதான்: பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வில்லிஸ் காலத்து அமைப்பில் அது சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம், அதைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்டைப் பிடித்தால் இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. ஆனால் டயர் மாற்ற ஜாக்கி போட்டு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினீர்கள் என்று வையுங்கள். தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருள, இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுத்துவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். அதனால் ஜாக்கியை எடுக்குமுன் சக்கரத்துக்கு அடைக்கட்டை. சரிவில் என்றால் இரண்டு கட்டை.

ஸ்டியரிங்குக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சின்னக் குழியில் இறங்கினவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடி, ஸ்டியரிங் கையை உதறும். பலர் உடனே ஆட்டத்தை உள்வாங்கும் ஸ்டியரிங் டாம்பர் வாங்கிப் போட்டு அதை அடக்கப் பார்க்கிறார்கள். டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங் தளர்ந்திருக்கலாம். அதை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனைகள் தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் ஓட்டையாகியிருக்கலாம். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள், எங்கே அசைவு தொலைகிறது என்று கண்ணுக்கே தெரியும். புதுப்பேட்டை மாதிரியான பழைய பாகச் சந்தையில் கதவு வாங்கலாம், சீட் வாங்கலாம், கிரில் வாங்கலாம். ஸ்டியரிங் பாகமும் பிரேக் பாகமும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஆற்றைக் கடக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்புறம் கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறிவிடும், பேரிங் துருப்பிடிக்கும். ஆக்சில் மேலே உள்ள பிரீதர் என்கிற காற்றுத் துளைக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டிப் பானெட் உயரம் வரை கொண்டுபோய்விட்டால் அது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். செலவும் பெரிதாக இல்லை.

எஞ்சின் மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைப்பது நம் ஊரில் வெகு காலமாக நடக்கிறது. மஹிந்திராவே பிற்பாடு பியூஜோ வடிவமைப்பிலான 2112 சி.சி. டீசல் எஞ்சினைப் போட்டது. டீசல் எஞ்சின் கனம். முன் ஸ்பிரிங், எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர், கிளட்ச் நான்கையும் அதற்கேற்ப மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் ஒரு வருடத்தில் வண்டி மூக்கால் தரையைப் பார்க்கும்.

இப்போது டயருக்கு வரலாம். சி.ஜே. 3பியில் முதல் கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான லோ ரேஞ்சையும் போட்டால், எஞ்சின் சுமார் 37 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், ஒரு ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக அது இறங்குவது அதனால்தான். இந்தக் கணக்கு 28 அங்குலத்தைச் சற்றே தாண்டும் பழைய 6.00-16 டயருக்குப் போட்டது. அங்கே 31 அங்குல டயரை மாட்டினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். பிரேக் டிரம்மும் அதே அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்பிரிங்கையும் தூக்கினால், இந்தக் குட்டை வண்டியில் ஏற்கெனவே குட்டையான பின்பக்க ஜாயின்ட் ஷாஃப்ட் இன்னும் சாய்ந்து, அதன் மூட்டுகளில் உள்ள கிராஸ்கள் சீக்கிரம் போகும். டயர் பெரிதாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், கியர் விகிதம் மூன்றும் அதற்குத் தயாரான பிறகு மாட்டுங்கள்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்ற நினைக்கிறவர்கள் பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேளுங்கள். மாற்றிவிட்டுப் போனால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனையில் வண்டி நின்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021ல் வந்த விதிகளின்படி 50 வருடத்துக்கு மேல் பழைய வண்டியை, அது மூல வடிவத்தில் இருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருந்தால் முடியாது. அந்தப் பதிவில் வண்டியை அன்றாடத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது, ஆகவே தோட்ட ஜீப்புகளுக்கு இது பொருந்தாது. ஆனால் தாத்தா காலத்து வில்லிஸ் வீட்டில் நிற்கிறவர்களுக்குப் பொருந்தும். அந்த வண்டியில் நீங்கள் எதைக் கழற்றினாலும், கார்புரேட்டரோ, பழைய மாஸ்டர் சிலிண்டரோ, கண்ணாடிச் சட்டமோ, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். டேஷ் போர்டில் ஆணியடித்திருக்கும் எண் தகட்டை மட்டும் பெயின்ட் அடிக்கிறவர் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.